கணினிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்
விண்டோஸ் நிறுவும்போது றைவர் சேர்ப்பது பற்றிய ஒரு விளக்கம்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கிராமத்து மாதர் சங்கத்திற்குப் போயிருந்தேன். சங்கத்தின் மடிகணினி துணியால் மூடப்பட்டு அலுமாரியின் மேல் கிடந்தது. அதைப் பற்றி விசாரித்தபோது பொருளாளர் சொன்னார்:

"தம்பி, மூண்டு வருசக் கடன் கணக்கு முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு. ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு, புதுசு போடவேணும் எண்டு கடையில சொல்லிப்போட்டாங்கள். பழையதை எறிஞ்சால் கணக்குக்கு என்ன செய்யிறது?"

நடந்தது இதுதான். ஒருநாள் விண்டோஸ் ஆரம்பிக்க மறுத்துவிட்டது. அயலில் உள்ள ஓர் இளைஞர், உதவி செய்யும் நோக்கத்துடன், அதனைப் புதிதாக நிறுவ முயன்றார். நிறுவும் திரை "எந்த வன்தட்டில் நிறுவுவது?" என்று கேட்டது. ஆனால் கீழே இருந்த பட்டியல் வெறுமையாக இருந்தது. வன்தட்டு எதுவும் காணப்படவில்லை என்றும், 'லோட் றைவர்' என்பதை அழுத்துமாறும் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. அந்த வரியின் இரண்டாம் பாதியை ஒருவரும் கவனிக்கவில்லை. முதற் பாதியை வைத்துக்கொண்டு, வன்தட்டு பழுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

வன்தட்டு பழுதாகவில்லை. அதனுடன் பேசுவதற்கான ஒரு சிறு மென்பொருள் நிறுவும் பென்னில் இல்லாமற் போனதே குறை. எமது கிராமங்களில் இப்படி மூடிவைக்கப்பட்ட கணினிகள் இன்னும் இருக்கக்கூடும். ஆகவே இந்த 'றைவர்' என்பது என்ன, அதை எப்போது எப்படிச் சேர்ப்பது என்பதைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம். திரையில் ஆங்கிலத்தில் வரும் சொற்களை, அடையாளம் காண்பதற்காக, ஒலிப்படியே இங்கு எழுதியுள்ளோம்.

றைவர் என்றால் என்ன?

தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் சிங்களத்தில் வந்த ஒரு கடிதத்துடன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் பிழையில்லை. அவரிடமும் பிழையில்லை. இருவருக்கும் நடுவில் மொழி தெரிந்த ஒருவர் இல்லாததால் அலுவல் நின்றுபோகிறது.

கணினியிலும் அப்படித்தான். விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற இயங்குதளம், "இந்தக் கோப்பை எழுது", "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்று பொதுவான கட்டளைகளையே கொடுக்கும். அச்சுப்பொறி, வன்தட்டுக் கட்டுப்படுத்தி, வை-வை அட்டை என ஒவ்வொரு பாகமும் தன்னுடைய தயாரிப்பாளர் வகுத்த மொழியையே விளங்கிக்கொள்ளும். பொதுக் கட்டளையை அந்தப் பாகத்தின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் மென்பொருளே றைவர். தமிழில் இதனைச் சாதனச் செலுத்தி என்பர். கடைகளிலும் திரையிலும் றைவர் என்றே வழங்குவதால் நாமும் அச்சொல்லையே பாவிப்போம்.

விண்டோஸ் றைவர் ஒன்றில் பெரும்பாலும் மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். ஐ.என்.எவ். என்று முடியும் கோப்பு, இந்த றைவர் எந்தப் பாகத்திற்கு உரியது, எப்படி நிறுவப்பட வேண்டும் என்பதைச் சொல்லும். எஸ்.வை.எஸ். என்று முடிவதே வேலை செய்யும் மென்பொருள். சி.ஏ.ரி. என்று முடிவதில், கோப்புகள் இடையில் மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் கையொப்பம் இருக்கும். இம்மூன்றும் ஒரே கோப்புறையில் ஒன்றாக இருக்கவேண்டும்.

திறப்பு பெட்டிக்குள் இருந்தால்?

அச்சுப்பொறியின் றைவர் இல்லாவிட்டால் பெரிய அந்தரமில்லை. விண்டோஸை நிறுவி முடித்த பின்னர் ஆறுதலாகத் தேடிப் போடலாம். வன்தட்டின் கதை வேறு. விண்டோஸ் குடியிருக்கப்போவதே அந்த வன்தட்டில்தான். அதனுடன் பேச முடியாவிட்டால் நிறுவும் வேலையைத் தொடங்கவே முடியாது. பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய நிலை இது.

நிறுவும்போது உண்மையில் இரண்டு விண்டோஸ் இருக்கின்றன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பென்னிலிருந்து நினைவகத்திற்கு ஏறி, நிறுவும் திரையைக் காட்டும் சிறிய விண்டோஸ். இரண்டாவது, வன்தட்டில் எழுதப்பட்டு நாளாந்தம் நாம் பாவிக்கப்போகும் முழு விண்டோஸ். வன்தட்டு றைவர் இவ்விரண்டிற்கும் வேண்டும். முதலாவதற்கு இல்லாவிட்டால் பட்டியல் வெறுமையாக இருக்கும். இரண்டாவதற்கு இல்லாவிட்டால், நிறுவியபின் முதன்முறை ஆரம்பிக்கும்போது, ஆரம்ப வன்தட்டை அணுக முடியவில்லை என்ற செய்தியுடன் நீலத்திரை வரும். 'லோட் றைவர்' வழியாகக் கொடுக்கும் றைவரை விண்டோஸ் இரண்டிலும் சேர்த்துவிடும் என்பது ஓர் ஆறுதல்.

இது புதிய தொல்லையல்ல

விண்டோஸ் எக்ஸ்பி 2001 இல் வந்தது. பின்னர் சாட்டா வகை வன்தட்டுகள் பரவியபோது அவற்றின் புதிய முறைக்குரிய றைவர் அதன் சீடியில் இருக்கவில்லை. நிறுவத் தொடங்கியவுடன் எவ்.6 விசையை அழுத்தி, றைவரைப் புளொப்பித் தட்டிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. அக்காலக் கணினிகளிலோ புளொப்பி செருகும் இடமே மறைந்துகொண்டிருந்தது. இன்றும் வன்தட்டு றைவரை 'எவ்.6 றைவர்' என்று அழைப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சமே.

விண்டோஸ் 7 வந்தது 2009 இல். அதனுள் யூ.எஸ்.பி. 3.0 இற்கான றைவர் இல்லை. 2015 இல் வெளிவந்த இன்ரெலின் 6ஆம் தலைமுறைக் கணினிகளில் யூ.எஸ்.பி. 2.0 இற்குரிய பழைய கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. விளைவு விசித்திரமானது. கணினி பென்னிலிருந்து ஆரம்பிக்கும், நிறுவும் திரையும் வரும். ஆனால் அந்தக் கணத்திலிருந்து விசைப்பலகையும் சுட்டியும் இயங்கா. தான் எந்தப் பென்னிலிருந்து வந்ததோ அதையே விண்டோஸினால் வாசிக்க முடியாமற் போனது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 இற்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 இற்கானது 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியும் முடிந்துவிட்டன. பழைய விண்டோஸை மாற்றவேண்டிய தேவை பலருக்கு வந்திருப்பதால் இந்தத் தொல்லையும் திரும்ப வந்திருக்கிறது.

இன்றைய வடிவம் இதுதான். 2020 இல் வந்த இன்ரெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிகணினிகளில் 'வி.எம்.டி.' என்னும் ஒரு கட்டுப்படுத்தியின் பின்னால் எஸ்.எஸ்.டி. இணைக்கப்பட்டுள்ளது. தொழிற்சாலையிலேயே இதனை இயங்கும் நிலையில் வைத்து அனுப்பும் தயாரிப்பாளர் பலர். இதற்குரிய இன்ரெல் றைவர் விண்டோஸ் 10, 11 நிறுவும் பென்களில் பொதுவாக இருப்பதில்லை. சங்கத்தின் மடிகணினியும் இத்தகையதே.

பழுதா, றைவர் இல்லையா? முதலில் அறிக

புதிய வன்தட்டு வாங்குவதற்கு முன்னர் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கணினியைப் போட்டவுடன் எவ்.2 அல்லது டெல் விசையை (தயாரிப்பைப் பொறுத்து மாறும்) தொடர்ந்து அழுத்தினால் பயோஸ் திரை வரும். அங்கே வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் காட்டப்பட்டால், அது உயிருடன் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அங்கும் காணப்படாவிட்டால் மட்டுமே இணைப்பையோ வன்தட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை, லினக்ஸ் பென் ஒன்றிலிருந்து கணினியை ஆரம்பித்துப் பார்ப்பது. வி.எம்.டி. இற்கான றைவர் லினக்ஸின் கருவுடனேயே வருகிறது. எனவே விண்டோஸுக்குத் தெரியாத வன்தட்டு லினக்ஸுக்குத் தெரியக்கூடும். வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், உள்ளே உள்ள கோப்புகளை அங்கிருந்தே வேறொரு பென்னுக்குப் பிரதி எடுக்கலாம். எதையும் நிறுவுவதற்கு முன்னர் இதைச் செய்துவிடுங்கள். றைவர் கிடைத்து வன்தட்டு தென்பட்டவுடன், அவசரத்தில் பழைய பகுதிகளை அழித்துவிடுவதே பலரும் செய்யும் தவறு.

நிறுவும்போது றைவரைக் கொடுக்கும் முறை

1. கணினியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள மாதிரி இலக்கத்தை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

2. வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் இணையத்தளத்திற்குச் சென்று அந்த மாதிரிக்குரிய றைவர் பக்கத்தைத் திறவுங்கள். 'ஸ்ரோறேஜ்' என்ற பிரிவில் இன்ரெல் ஆர்.எஸ்.ரி. அல்லது வி.எம்.டி. என்ற பெயருடன் இருப்பதைப் பதிவிறக்குங்கள். ஒரு தலைமுறைக்குரிய றைவர் எல்லாத் தலைமுறைக்கும் பொருந்தாது. ஆகவே மாதிரி இலக்கம் முக்கியம்.

3. பதிவிறக்கியது இ.எக்ஸ்.இ. என்று முடியும் ஒரே கோப்பாக இருந்தால் அப்படியே பென்னில் போட்டுப் பயனில்லை. நிறுவும் திரை தேடுவது ஐ.என்.எவ். கோப்பையே. எனவே பொதியைப் பிரிக்க வேண்டும். சில பொதிகளை 7-சிப் என்னும் இலவச மென்பொருளால் பிரிக்கலாம். சிலவற்றை ஓட்டும்போது, நிறுவுவதா பிரித்தெடுப்பதா என்று கேட்கும்; பிரித்தெடுப்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

4. பிரித்த கோப்புறையை முழுவதுமாக நிறுவும் பென்னிலோ வேறொரு பென்னிலோ பிரதி செய்யுங்கள். ஐ.என்.எவ். கோப்பை மட்டும் தனியே எடுக்காதீர்கள்.

5. நிறுவும் திரையில் வெறுமையான பட்டியல் வந்ததும் 'லோட் றைவர்' என்பதை அழுத்தி, 'பிறவுஸ்' மூலம் அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். பொருந்தும் றைவர் பட்டியலில் வரும். 11ஆம் தலைமுறையாயின் 9ஏ0பி என்றும், 12ஆம் தலைமுறையாயின் 467எவ் என்றும் முடியும் வி.எம்.டி. கட்டுப்படுத்தியின் பெயரைப் பெரும்பாலும் காணலாம். அதைத் தெரிந்து 'நெக்ஸ்ற்' அழுத்தினால் சில நொடிகளில் வன்தட்டு தென்படும்.

றைவர் பட்டியலில் எதுவும் வராவிட்டால், தவறான தலைமுறைக்குரியதை எடுத்திருக்கலாம், அல்லது பொதி சரியாகப் பிரிக்கப்படாதிருக்கலாம். 64-பிற் விண்டோஸுக்கு 32-பிற் றைவர் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

வி.எம்.டி. ஐ நிறுத்தினால் என்ன?

பயோஸில் வி.எம்.டி. ஐ நிறுத்திவிட்டால் றைவர் இல்லாமலே வன்தட்டு தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை. முற்றிலும் வெறுமையான வன்தட்டில் புதிதாக நிறுவுவதாயின், பயோஸில் அந்த வசதி இருந்தால், அப்படியும் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே வி.எம்.டி. இயங்கும் நிலையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், அதனை நிறுத்தியதும் அந்த விண்டோஸ் நீலத்திரையுடன் நின்றுவிடலாம். திரும்ப இயக்கினால் பெரும்பாலும் வழமைக்குத் திரும்பும். வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், பயோஸில் செய்யும் மாற்றம் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கவும் காரணமாகலாம். அக்குறியீடு கையில் இல்லாதவர் பயோஸில் கை வைப்பது நல்லதல்ல.

இணையம் இல்லாத இடத்தில் வை-வை றைவர்

அடுத்த சிக்கல் வலையமைப்பு. வை-வை றைவரை இணையத்திலிருந்து எடுக்கவேண்டும். இணையத்திற்குப் போக வை-வை றைவர் வேண்டும். விண்டோஸ் 11 இன் இல்லப் பதிப்பு, நிறுவும்போதே இணைய இணைப்பைக் கேட்டு நிற்பதால் இது மேலும் வில்லங்கமாகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வன்தட்டு றைவரை எடுக்கும்போதே வை-வை றைவரையும் எடுத்துப் பென்னில் வைப்பது. இரண்டாவது, அன்ட்றொயிட் கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் கணினியில் இணைத்து, தொலைபேசியில் 'யூ.எஸ்.பி. ரெதறிங்' என்பதை இயக்குவது. இதற்குரிய றைவர் விண்டோஸிலேயே இருப்பதால், வை-வை இயங்காத கணினிக்கும் இணையம் கிடைக்கும்.

பழைய விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றப் போகிறீர்களாயின் இதைவிட இலகுவான வழி உண்டு. அக்கணினியில் உள்ள தயாரிப்பாளர் றைவர்கள் எல்லாவற்றையும் 'டிஸ்ம்' என்னும் விண்டோஸ் கருவியின் 'எக்ஸ்போர்ட் றைவர்' என்ற கட்டளையால் ஒரு கோப்புறையில் சேர்த்து எடுக்கலாம். அந்தக் கோப்புறையைப் பென்னில் வைத்திருந்தால் புதிய விண்டோஸில் 'டிவைஸ் மனேஜர்' மூலம் ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். மஞ்சள் அடையாளத்துடன் நிற்கும் பாகங்களே றைவர் கேட்பவை.

பல கணினிகள் இருந்தால்

ஒரு பாடசாலைக்கோ பயிற்சி நிலையத்திற்கோ ஒரே மாதிரியான பத்துக் கணினிகள் வந்தால், பத்துத் தடவையும் 'லோட் றைவர்' அழுத்துவது வீண் வேலை. றைவரை நிறுவும் பென்னுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம்.

பென்னில் 'சோர்சஸ்' என்ற கோப்புறையில் இரண்டு பெரிய கோப்புகள் உண்டு. 'பூட்.விம்' என்பது மேலே சொன்ன சிறிய விண்டோஸ். 'இன்ஸ்ரோல்.விம்' என்பது முழு விண்டோஸ். 'டிஸ்ம்' கருவியால் முதலில் கோப்பை ஒரு வெறும் கோப்புறையில் விரிக்க வேண்டும். பின்னர் 'அட் றைவர்' கட்டளையால் றைவர்களைச் சேர்க்க வேண்டும். இறுதியில் 'கொமிற்' என்ற சொல்லுடன் மூடவேண்டும். அச்சொல்லை மறந்தால் செய்த மாற்றம் சேமிக்கப்படாது. 'பூட்.விம்' இல் இரண்டு பிரிவுகள் உள்ளன. நிறுவும் திரை இரண்டாவதில் இருப்பதால் அதைத் தவறவிடக் கூடாது. 'இன்ஸ்ரோல்.விம்' இல் பல பதிப்புகள் இருக்கும். எந்தப் பதிப்பை நிறுவுவீர்களோ அதிலே சேர்க்க வேண்டும். சில பென்களில் இக்கோப்பு 'இ.எஸ்.டி.' என்று முடியும். அதனை முதலில் 'விம்' வகைக்கு மாற்றிய பின்னரே றைவர் சேர்க்கலாம். எல்லா வேலையையும் பிரதி ஒன்றிலேயே செய்யுங்கள்.

சிறிய விண்டோஸுக்கு வன்தட்டு, வலையமைப்பு, யூ.எஸ்.பி. ஆகியவற்றின் றைவர்கள் போதும். ஒலி, படக்கருவி, அச்சுப்பொறி என்பனவற்றை அதற்குள் திணிக்கத் தேவையில்லை.

லினக்ஸில் எப்படி?

லினக்ஸில் பெரும்பாலான றைவர்கள் கருவுடனேயே சேர்ந்து வருவதால் வன்தட்டுத் தொல்லை குறைவு. ஆனால் பல வை-வை அட்டைகளுக்கு, அட்டையின் உள்ளே ஏற்றப்பட வேண்டிய 'பேர்ம்வெயர்' என்னும் தயாரிப்பாளர் கோப்பும் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் வகை, கட்டற்ற மென்பொருளல்ல என்ற காரணத்தால் இக்கோப்புகளைத் தன் நிறுவும் தட்டுகளில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022 இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து நிலைப்பாட்டை மாற்றினர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இலிருந்து அவை சேர்க்கப்படுகின்றன. பழைய தட்டை வைத்திருப்பவர்கள் புதியதை எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கிருந்து எடுக்கக் கூடாது?

"எல்லா றைவரும் ஒரே இடத்தில்" என்று விளம்பரம் செய்யும் தளங்களை நம்பவேண்டாம். றைவர் என்பது இயங்குதளத்தின் மிக உள்ளே, அதிக உரிமையுடன் இயங்கும் மென்பொருள். கெட்ட றைவர் ஒன்றை உள்ளே விடுவது, வீட்டுத் திறப்பை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். கணினித் தயாரிப்பாளர், பாகத்தின் தயாரிப்பாளர், மைக்றோசொவ்ற் ஆகியோரின் தளங்களே போதுமானவை. கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு றைவர் போடச் சொல்லும் ஆலோசனையையும் ஏற்கவேண்டாம்.

சங்கத்தின் கணக்கு

மாதர் சங்கத்தின் மடிகணினியில் பயோஸ் திரையைத் திறந்தோம். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இன் பெயர் அங்கே இருந்தது. லினக்ஸ் பென்னால் ஆரம்பித்து, மூன்று வருடக் கணக்கையும் பிரதி எடுத்தோம். பொருளாளர் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, தன்னிடமிருந்த பற்றுச்சீட்டுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே "சரி, இனிச் செய்யுங்கோ" என்றார். அதன் பின்னர் றைவரைக் கொடுத்து விண்டோஸை நிறுவ முடிந்தது. முன்பு முயன்ற இளைஞரே அதை முழுவதும் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். புதிய வன்தட்டு வாங்க ஒதுக்கிய பணம் சங்கத்திலேயே தங்கியது.

மடிகணினி துணிக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனாலும் ஒரே இடத்தில் மட்டும் கணக்கை வைத்திருந்ததுதான் றைவரைவிடப் பெரிய ஆபத்து என்பதை அன்று எல்லோரும் உணர்ந்தோம். இப்போது மாத முடிவில் ஒரு பிரதி பென்னில் எடுக்கப்பட்டு, பற்றுச்சீட்டுப் புத்தகங்களுடன் பெட்டியில் வைக்கப்படுகிறது.

உங்கள் நிலையத்தின் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டியவை

• ஒவ்வொரு கணினியினதும் மாதிரி இலக்கம், இயங்குதளத்தின் பதிப்பு.

• பயோஸ் திரையைத் திறக்கும் விசை, வி.எம்.டி. இயங்குகிறதா இல்லையா என்பது.

• வன்தட்டு, வை-வை றைவர்கள் உள்ள பென் யாரிடம் இருக்கிறது என்பது.

• மறையாக்கம் இருந்தால் மீட்புக் குறியீடு வைக்கப்பட்ட இடம் (குறியீட்டை இக்குறிப்பேட்டில் எழுதவேண்டாம்).

• கடைசியாகப் பிரதி எடுத்த திகதி.